கொக்கி சார்

"ஏட்டி, இது பத்தியா, பஸ் ஸ்டாண்டா? ஒவ்வொரு வாக்கியமும் ஒவ்வொரு ஊருக்குப் போக நிக்குதே!"

ரமணன் சார் தாளை மேசையில் அறைந்தார். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்.

எதிரே நின்றவள் ஆர்யா. இடது கையில் மாவுக்கட்டு. கட்டுப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையிடமா இப்படிக் கத்துவது?

"வாசி!"

ஆர்யா வாசித்தாள். "பஸ் ஆரியங்கோட்டில் நின்றது. நான் இறங்கினேன். பெல் அடித்தது. பஸ் நகர்ந்தது. நான் விழுந்தேன். கை ஒடிந்தது."

"கொக்கி எங்க?"

இணைப்புச் சொல்லை அவர் கொக்கி என்றுதான் சொல்வார். ஒரு வாக்கியம் அடுத்ததைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பத்தியே இல்லை என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

"பெல் தானா அடிக்குமா மக்கா? யாரு அடிச்சா? எப்ப அடிச்சா? அதனால என்ன ஆச்சு? கொக்கி போட்டு மறுபடி எழுது!"

ஆர்யாவின் கண் நிறைந்தது.

பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவள் அவள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவளாகக் குதித்தாள் என்கிறார் பள்ளி மானேஜர் தாணுமாலயன். அதுதான் உண்மை என்று முடிவானால் பஸ்ஸில் அவளுக்கு இனி இடமில்லை. பஸ் இல்லையென்றால் பள்ளியும் இல்லை. அம்மா சண்டை போட்டதால், நடந்ததைப் பிள்ளையே எழுதித் தரட்டும், சனிக்கிழமை விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எழுதி வாங்கும் பொறுப்பு ரமணன் சாருக்கு. மனிதர் அதையும் வகுப்பில் வைத்து, பாடமாகவே ஆக்கிவிட்டார்.

ஆர்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி எழுதி வாசித்தாள். "நான் ஒரு காலைத் தரையில் வைக்கும்போது ரதீஷ் அண்ணன் டபுள் பெல் கொடுத்தார். அதுகொண்டு பஸ் நகர்ந்தது. அதுகொண்டு நான் விழுந்தேன்."

ரதீஷ்தான் பஸ்ஸின் கிளி. வாசலில் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல் கொடுப்பவன். மானேஜரின் தங்கை மகன்.

"அதுகொண்டா? அது மலையாளமாக்கும்! தமிழ்ப் பத்தியில மலையாளக் கொக்கியா?" சிவப்புப் பேனா தாளைக் கிழித்துவிடும்போல் ஓடியது.

"வீட்டில அப்படித்தான் சொல்லுவோம் சார்."

"வீட்டில நீ என்னவும் சொல்லு. பேப்பர்ல 'அதனால்'னு வரணும். எழுது!"

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் மினி, ஆர்யாவின் அம்மா. நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வேலை. மகளை டாக்டரிடம் காட்டுவதற்காகக் கூட்டிப்போக வந்தவள் காதில் இந்தக் கத்தல்தான் விழுந்தது. நேரே வகுப்புக்குள் நுழைந்துவிட்டாள்.

"சாரே, நீங்க மனுசன்தானா? கையொடிஞ்சு நிக்குத பிள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்துதியளே! உங்களுக்கும் ஒரு மோளு இல்லியா?"

"உண்டு. அதுகொண்டுதான் சொல்லுகேன்!"

பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சார் கவனிக்கவில்லை.

"பெல் அடித்தது, நான் விழுந்தேன்னு எழுதினா என்ன அர்த்தம்? பெல் ஒரு பக்கம், விழுந்தது ஒரு பக்கம். யாருக்கும் பொறுப்பில்ல. நடுவில 'அதனால்' வந்தாத்தான் யாரு தப்புன்னு தெரியும். நாளைக்கு உங்க பிள்ளையைப் பாத்து, நீயாத்தானே குதிச்சேன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாதுல்லா!"

மினிக்கு வந்த கோபம் வந்த வழியே போனது.

"க்ஷமிக்கணும் சாரே. ஒண்ணும் அறியாம பேசிட்டேன்."

ஆர்யா திரும்பவும் எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார் சார்.

"இதாக்கும் பத்தி!"

எழுதிய தாள்களையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கோவக்காரராக்கும். ஆனா நியாயமுள்ள மனுசன்" என்று ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே போனாள் மினி.

சனிக்கிழமை. மானேஜரின் அறை. பக்கத்து நாற்காலியில் ரமணன் சார். எதிரே மினியும் ஆர்யாவும். தலைமையாசிரியர் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடம் யாருக்கு என்பது மானேஜர் கையில் இருந்தது.

மானேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரமணன் சார் கொடுத்திருந்த தாளை வாசித்தார். "பெல் அடித்தது. பஸ் நகர்ந்தது. நான் விழுந்தேன்." நிமிர்ந்து பார்த்தார். "இதில ரதீஷ் எங்க வாறான்? பிள்ளைகளும்தான் பெல் கயிறைப் பிடிச்சு இழுக்கும். பெல்லுக்கும் இவ விழுந்ததுக்கும் ஒரு பந்தமும் இல்லியே!"

மினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அது முதல்ல எழுதினதாக்கும்! நல்லா எழுதினது வேற உண்டு. கிளாஸ் முழுக்கக் கேட்டுது. ரமணன் சாரே, எடுத்துக் கொடுங்க! உங்க கையிலதானே இருக்கு!"

ரமணன் சார் சட்டைப்பையைத் தொடவில்லை. அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து ஆர்யா கேட்டதே இல்லை.

"பிள்ளை சொந்தமா எழுதினது இது மட்டும்தான் சார். மத்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்து எழுத வெச்சதாக்கும்."