அப்பாவுக்கு மட்டும் இரண்டு ஊசி

அடுத்த கட்டில் அம்மாள் ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். டைலரோ அசையக் கூடாது என்ற உத்தரவோடு வலது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார்.

டைலரின் மனைவிக்கு வயிறு எரிந்தது.

இருவருக்கும் ஒரே ஈரல் வியாதி, ஒரே மாத்திரை. அந்த மாத்திரை ஈரலுக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்கத்தான் ஊசி. ரத்தத்தில் பார்த்தால் அது தெரியாதாம். இதுவரை தடி ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். மெல்லிய ஊசியால் துளி உறிஞ்சி எடுத்தாலே போதும் என்று இப்போது ஒரு டாக்டர் சொல்கிறாள்.

அந்த டாக்டர் வேறு யாருமில்லை, டைலரின் மகள். "என் பொண்ணாக்கும்" என்று அவள் அம்மா காலையில்தான் வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள்.

இப்போது பார்த்தால், அடுத்த கட்டிலுக்கு மெல்லிய ஊசி மட்டும். பெற்ற அப்பனுக்கு மெல்லிய ஊசி, தடி ஊசி இரண்டும்.

அதுவும் எப்பேர்ப்பட்ட அப்பன்? ஆயுசு முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்திவிட்டு, காய்ச்சலுக்கு ஒரு ஊசி என்றால் கொல்லைப்புறமாக நழுவுகிற மனுஷன்.

மகள் உள்ளே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் நோகாம எடுப்ப. உங்கப்பான்னா இளக்காரமா?"

"சொந்தக்காரங்களுக்கு நான் போடக் கூடாதும்மா. பெரிய டாக்டர்தான் போட்டார்."

"யார் போட்டா என்ன? உன் ஆராய்ச்சிதானே?"

மகள் பொறுமையாகச் சொன்னாள். மெல்லிய ஊசி காட்டுகிற கணக்கை இன்னும் யாரும் முழுசாக நம்பவில்லை. ஒரே ஆளிடம், ஒரே நாளில், இரண்டு ஊசியாலும் எடுத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்குச் சம்மதிக்கிறவர்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆள் சேராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அப்புறம் பழையபடி எல்லோருக்கும் தடி ஊசிதான்.

"அதனால வீட்ல இருக்கிற இளிச்சவாயனைப் பிடிச்சுப் படுக்க வெச்சுட்டியாக்கும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள்.

"அவளைத் திட்டாதே," என்று முனகினார் டைலர். "மெல்லிசு மட்டும் போதும்ப்பான்னு கெஞ்சினா. நான்தான் அவளுக்குத் தெரியாம பெரிய டாக்டர்கிட்ட போய், ரெண்டும் போடுங்கன்னு அடம் பிடிச்சேன். விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசி என்றாலே நடுங்குகிற மனுஷனா இது? கோபம் இப்போது அவர் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கென்ன கிறுக்கா? பொண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தா, அவ ஊசியோட நிறுத்திக்க வேண்டியதுதானே?"

வலியை மென்று விழுங்கிக்கொண்டு டைலர் சிரித்தார்.

"என் பொண்ணோட ஊசி சரியாத்தான் சொல்லும்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா?"