ஐந்து கடிதங்கள்

"அதே வாசகர் மறுபடியும் எழுதியிருக்கார். இது அஞ்சாவது கடிதம்," என்றார் உதவி ஆசிரியர். "உங்க தொடர்ல கதாநாயகி புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஏன் போனா, திரும்பி வருவாளான்னு கேட்டு உயிரை எடுக்கிறார்."

"கேள்வி பதில் பகுதியில போட்டுடுங்க," என்றார் எழுத்தாளர். "மூணு தடவை சொல்லிட்டுத்தான் போனா. அந்த ஆள் பத்திரிகையிலேருந்து தலையைத் தூக்கல."

"கதையில அப்படி வரலையே?"

"வரல. அது இந்தக் கடிதம் எழுதறவர் வீட்ல நடந்தது. பதினோரு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணினது நான்தான். என் புனைபெயர் அவருக்குத் தெரியாது."

உதவி ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டாவது கேள்விக்கு என்ன போடறது மேடம்?"

"திரும்பி வரமாட்டாள்னு போடுங்க. கதாநாயகிக்காக அஞ்சு கடிதம் எழுதியிருக்கார். பொண்டாட்டியைத் தேடி எங்கம்மா வீட்டுக்கு ஒரு வரி எழுதல."