இடது முழங்கால்

டணாரென்று ஒரு பித்தளைச் சொம்பு வாசலில் விழுந்து தெருவரை உருண்டது.

"இன்னா தைரியம் இருந்தா இந்த வீட்டுப் படி ஏறுவே நீ?"

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தேவகி சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். இன்று பத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள்.

வாசலில் நின்றவன் ஜீவந்தரன். வாலாஜாபாத் ஃபுட்பால் டீமில் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுபவன். கையில் ஒரு பை சாத்துக்குடி.

"எங்கண்ணனைப் பாரு. நல்லாப் பாரு. தொடையிலேர்ந்து மாவுக்கட்டு. அன்னிக்கு மேட்சுக்கு மெட்ராசுலேர்ந்து டீமுக்கு ஆள் எடுக்க வந்திருந்தாங்க. வேலையும் தர்றதாச் சொன்னாங்க. இனிமே பந்தையே தொடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். உனக்குத் திருப்திதானே?"

"போதும்மா, தேவகி" என்றான் கட்டிலில் கிடந்த காசிநாதன்.

"நீ சும்மா இருண்ணா. ஊரே பாத்துது. இவன் குறுக்க வந்தான், நீ சுருண்டு விழுந்தே. அந்த ரெப்ரி விசில் கூட ஊதலை. எறும்பைக் கூட மிதிக்க மாட்டாங்களாம் இவங்க ஜைன ஜனம். மனுசன் காலைத்தான் மிதிப்பாங்க போல."

ஜீவந்தரன் நிமிரவில்லை. "தப்புதாம்மா" என்றான்.

"தப்பாம். சாத்துக்குடி வாங்கியாந்துட்டான். பிழிஞ்சு முட்டியில ஊத்தினா சரியாயிடுமா?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் தண்ணி பிடிச்சுக்கினு வர்றேன். வரும்போது நீ இங்க இருக்கக் கூடாது."

அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, ஜீவந்தரன் கட்டிலருகே வந்தான். சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தான்.

"மூணு வாரமா வாயை மூடிக்கினு இருக்கேன் காசி. எங்க டீம்லேர்ந்தே என்னைத் தூக்கிட்டாங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியாதேப்பா."

"நான் உன்னைத் தொடவே இல்லை. கிட்ட வர்றதுக்குள்ள நீயே விழுந்துட்டே. முந்தின நாளே அடிபட்ட கால்னு ஆஸ்பத்திரியில நீதானே சொன்னே? சொல்லிட்டு, பழியை ஏத்துக்கடான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினே. கூட்டாளியாச்சேன்னு சரின்னேன். எத்தினி நாளைக்கு? இன்னிக்கு நானே அவகிட்ட சொல்லிடறேன்."

"உங்க கேப்டனுக்கு இப்பவே எழுதித் தரேன், உன் மேல தப்பு இல்லைன்னு. உங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு. தேவகிக்கு மட்டும் வேணாம்."

"ஏன்? என்னைச் சொம்பால அடிக்கிறவளுக்கு நெசம் தெரியக் கூடாதா?"

காசிநாதன் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டான்.

"மேட்சுக்கு முந்தின நாள் அமாவாசை, தறிக்கு லீவு. கால் தொங்கவிட்டு நெய்யற குழி இருக்குதில்ல, அதைத் தேவகி பெருக்கினா. பலகையைப் போட்டு மூட மறந்து, மேல பாயை மட்டும் விரிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டா. நான் அந்தப் பாய் மேல கால் வெச்சேன் ஜீவா. அவ திரும்பி வர்றதுக்குள்ள மேல ஏறி, பலகையைப் போட்டு, அதே பாயை விரிச்சு வெச்சுட்டேன்."