பெட்டி அண்ணனுக்கு

தில்லைநாயகம், அவர் மனைவி கோமதி, கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த செபஸ்தியான், இந்த மூவரும்தான் அங்கே இருந்தார்கள். பெட்டியைத் திறந்த செபஸ்தியான், "ஹார்ட் டிஸ்க்கையே காணோமே சார்" என்றான். ஒன்பது வருடத்துக்கு முன் பாகம் பிரித்தபோது பெட்டி அண்ணனுக்கும் டிஸ்க் தம்பிக்கும் என்று முடிவாகியிருந்தது. அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

"புதுசு போட்டுரு" என்றார் தில்லைநாயகம்.

"போய்ச்சேர்ந்த நம்ம மவ பாடினது பழசுலல்லா இருக்கு" என்றாள் கோமதி.

"அவன்கிட்டப் போய்க் கையேந்தச் சொல்லுதியா?"

"கையேந்த வேண்டாம். வாயத் தொறந்தாப் போதும்."

அவர் பெட்டிக்குள் காலியாகக் கிடந்த இடத்தை வெகுநேரம் பார்த்திருந்தார். பிறகு தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தில்லைநாயகம் தம்பி வீட்டுப் படியேறிவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அவர் தெருவில் நின்றுதான் தம்பியைக் கூப்பிட்டார்.