இல்லாத விளக்கு

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கூடத்தின் நடுவில், வளைகாப்பு மணையின் பக்கத்தில், ஐந்து திரியும் ஏற்றி.

வாசற்படியில் நின்று அவள் கண் குளிரப் பார்த்தாள்.

அப்படி ஒரு குத்துவிளக்கே தன் வீட்டில் கிடையாது என்று கோர்ட்டில் கூசாமல் சத்தியம் செய்தவன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

விவாகரத்தாகி இரண்டு வருடம். சீர்ப்பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தாயிற்று. கட்டில் வந்தது, பீரோ வந்தது. அப்பா ஆசையாக வாங்கித் தந்த விளக்கு மட்டும் வரவில்லை. கோர்ட் அமீனா இரண்டு முறை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இல்லாததைக் கேட்கிறாள், பொய்க்காரி என்று அவனுடைய வக்கீல் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

பழைய மாமியாரை அவளுக்குத் தெரியும். நல்ல நாள் வந்தால் ஒளித்து வைத்தது தானாக வெளியே வரும். அவன் கோயிலில் மறுகல்யாணம் செய்துகொண்டான் என்று கேட்டபோதும் அழவில்லை. காத்திருந்தாள். புது மனைவிக்கு ஏழாம் மாதம் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

அவளோடு வந்திருந்த அமீனா குனிந்தார். அடித்தட்டைச் சுற்றியிருந்த பூச்சரத்தை விலக்கினார். அவள் பெயரும் அப்பா பெயரும் வெட்டியிருந்தது.

எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

எரிகிற விளக்கையா, மாசமாக இருப்பவள் முன்னாலா என்று கூட்டம் முணுமுணுத்தது. மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தானாகக் குளிரும்வரை யாரும் தொடக்கூடாது என்றாள். பொழுது சாய்ந்துவிட்டால் வீட்டுக்குள் நிற்க முடியாது, சட்டம் அப்படி என்று அமீனா தயங்கினார்.

மாமியார் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

வெயில் வாசலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

ஊதி அணைக்க ஒரு மூச்சு போதும். அதற்குத்தானே வந்தாள். இந்த வீட்டின் நல்ல நாளை நாசமாக்கத்தானே இந்த நாளைப் பார்த்து வந்தாள்.

ஓர் அடி எடுத்து வைத்தாள்.

மணையில் இருந்த புது மனைவி கவிப்பிரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். சின்னப் பெண். பயந்து போயிருந்தாள்.

அடுத்த அடி வரவில்லை. இவ்வளவுதானா நீ என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

கவிப்பிரியா தரையில் கையூன்றி எழுந்தாள். விளக்கருகே வந்து அடித்தட்டில் இருந்த பெயரைத் தானும் படித்தாள். தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளினாள். மாமியார் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொரு திரியாகப் பூவால் குளிர வைத்தாள்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுல இன்னும் என்னென்ன இவங்களோடது?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

விளக்கை மார்போடு சேர்த்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். புடவையில் எண்ணெய் வழிந்தது. அவனுக்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

தெருவிலிருந்து அமீனா கூப்பிட்டார். அவள் செருப்பு மாட்ட வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே அதே கேள்வி இன்னொரு முறை கேட்டது.

இந்த முறை கொஞ்சம் சத்தமாக.