ஐரிஸ் வீட்டு இசைத்தட்டு

கண்ணாடிக்கு முன் நின்று சவரம் செய்துகொண்டே அவன் பாடினான்.

புதுப் பாட்டு.

அரிசி களைந்துகொண்டிருந்த செசிலியின் கை நின்றது.

ஆங்கிலம் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் மெட்டு தெரியும். இது இந்த வீட்டில் இதுவரை ஒலிக்காத மெட்டு. அவனோ ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒருமுறை கேட்டவன் இப்படிப் பாட மாட்டான். திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

எங்கே?

வீட்டு ரேடியோ மழைக்காலத்திலேயே வாயை மூடிவிட்டது.

"என்ன பாட்டுங்க அது?"

மெர்வின் கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கத்தியை ஓட்டினான்.

"உங்களத்தான். எங்க கேட்டீங்க அந்தப் பாட்ட?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டான்.

சொல்லத் தெரியாதவன் இல்லை. சொல்ல மனமில்லை.

மெட்டு ஓர் அமெரிக்கக்காரருடையது. பொன்மலை ரயில்வே காலனியில் அவர் பாட்டுகளைக் கேட்காத காது கிடையாது. அவர் பாடுவதில்லை. எழுதுவார். யார் யாரோ பாடுவார்கள். எழுதியதெல்லாம் ஹிட். ரயிலேறிப் போய்விட்டவன், போனவனை நினைத்துக் காப்பியை ஆறவிடுகிறவள், இவர்களை விட்டால் அவருக்கு வேறு ஆளே கிடையாது என்று மெர்வின் சிரிப்பான். தங்கள் கல்யாண விருந்தில் அவன் அவளை ஆட இழுத்ததும் அவருடைய பாட்டு ஒன்றுக்குத்தான். செசிலி அன்று முழுக்க அவன் ஷூவை மிதித்தாள்.

"சட்டைக்காரன் கடைசில சட்டைக்காரிகிட்டதான் போவான்" என்று, ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஊர் வைத்த பெயரில், சித்தி அவள் காதில் சொன்னதும் அன்றுதான்.

அவருடைய புதிய இசைத்தட்டு காலனியில் ஒரே வீட்டுக்குத்தான் வரும்.

ஐரிஸ் வீட்டுக்கு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து அவள் அண்ணன் அனுப்புவான்.

ஐரிஸ், ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ், சட்டைக்காரி. மெர்வினோடு ஒரே பள்ளியில் படித்தவள். புருஷன் செத்தபிறகும் உதட்டுச் சாயத்தை விடாதவள்.

அதன்பிறகு எல்லாம் தானாக வந்து பொருந்தியது.

சில மாதங்களாகச் செசிலி பேசினால் அவன் பாதியில் எங்கோ போய்விடுகிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதிரே போய் நின்றால்தான், "ம்?"

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைகிற நேரம். கோவில் வாசலில் ஐரிஸ் அவன் காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னாள். அத்தனை பேர் பார்க்க. அவன் தலையாட்டினான்.

செசிலி முக்காட்டை மடித்து மடித்துக் கையளவு ஆக்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவன் சட்டையை மாட்டினான்.

"திங்கக்கெழம இன்ஜின் டிரைவருங்களுக்கு மெடிக்கல். கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

நடக்கிறவனுக்கு எதற்குத் தலையில் அத்தனை எண்ணெய்?

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செருப்பு சரளையில் நறநறத்தும் பார்க்கவில்லை.

அத்தனை துணிச்சல்.

தெருமுனையிலேயே பாட்டு கேட்டது. அதே பாட்டு.

ஐரிஸ் வீட்டு ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. செசிலி வேலியோரமாகப் போய் நின்றாள். கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிறகு சித்தி வீடு இருக்கிறது.

பார்த்தாள்.

மெர்வின் வெறும் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குப் பின்னால், அறையின் அந்தக் கோடியில், ரிக்கார்டு பிளேயர் பக்கத்தில் ஐரிஸ்.

இருவருக்கும் நடுவில் ஒரு முழு அறை.

அவன் வலது கை மேலே உயர்ந்திருந்தது.

ஐரிஸ் குமிழைத் திருகினாள். பாட்டு தணிந்தது. கை இறங்கவில்லை. இன்னும் தணித்தாள். ஜன்னலோரம் நின்ற செசிலிக்கே முணுமுணுப்பாகத்தான் வந்தது. கை அப்படியே இருந்தது.

கேட்கிறதா என்று ஐரிஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த அளவு ஆங்கிலம் செசிலிக்கும் தெரியும்.

அவன் பதில் சொல்லவில்லை.

ஐரிஸ் முள்ளைத் தூக்கினாள்.

பாட்டு நின்றது. கூரைமேல் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

அவன் கை இறங்கவில்லை. பாதம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உதடு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது, ஓர் எழுத்தும் பிசகாமல்.

"என்னங்க."

திரும்பியது ஐரிஸ் மட்டும். செசிலியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

நெருப்புக்கும் நீராவிக்கும் நடுவே இத்தனை வருடம் நின்ற காது. திங்கட்கிழமை டாக்டரும் அவனுக்குப் பின்னால் நின்றுதான் காதைச் சோதிப்பார். தேறாவிட்டால் இன்ஜினிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். தேறிவிட்டாலோ, அவன் இன்ஜினுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனம்.

உள்ளே போனாள். ஐரிஸ் வழிவிட்டாள்.

சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

மெர்வின் திடுக்கிட்டான். முகம் சிவந்தது. பிறகு, பிடிபட்டவனுக்கு வருகிற அவசரத்தோடு, அறை அதிரும் குரலில் சொன்னான்:

"ரொம்ப மெல்லிசாதான் வச்சிருக்கா, செசிலி. ஆனா எனக்குக் கேக்குது."

அவன் தோளுக்குமேல் பார்த்தாள். தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

உயர்ந்திருந்த அவன் கையைப் பிடித்தாள்.

மெல்ல, அவன் மடியில் இறக்கி வைத்தாள்.