ரோடு வேண்டாத வண்டி

"தொரை, வண்டி கப்பல்லேர்ந்து எறங்கிட்ச்சுப்பா. என் கண்ணால பாத்தேன். நாலு சக்கரமும் சேந்து இழுக்குது."

ராயபுரம் டீக்கடையில் பஷீர் இதைச் சொன்னதும் துரை பாதி டீயை அப்படியே வைத்துவிட்டான். பஷீர், மீன் வியாபாரி கமாலுதீன் பாயிடம் டிரைவர். துரை எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்து மீனவன். பெயர்தான் துரை, சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் சரியான வண்டிப் பைத்தியம். யுத்தகாலத்தில் எண்ணூர்க் கரையில் பட்டாளத்து வண்டி ஒன்று மணலைக் கிழித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்த நாளில் பிடித்தது.

அந்த டீக்கடையில் அதே மாதிரி பைத்தியங்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. பாய் சீமையிலிருந்து புது வண்டிக்குச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்து வருஷம் ஒன்றாகிறது, அன்றிலிருந்து அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி, சேறு, மணல், மேடு, பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்கும். பேப்பரில் வந்த அதன் படத்தைத் துரை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பிரித்துப் பிரித்துக் காட்டி மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு வெறும் ஆசை. துரைக்குப் பிழைப்பே அதில்தான் இருந்தது. குப்பத்திலிருந்து மெயின் ரோடு வரை ஒரே மணல். கட்டுமரம் கரையேறியதும் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கால் புதையப் புதைய நடந்து, அங்கே நிற்கும் பாயின் லாரியில் சேர்க்க வேண்டும். அதற்குள் வெயில் ஏறி மீன் தொளதொளத்துவிடும். அப்புறம் பாய் சொன்னதுதான் விலை. துரையின் மனைவி சீனியம்மாளுக்கு முழங்கால் வேறு வீங்கிக்கொண்டு, நொண்டி நொண்டித்தான் நடக்கிறாள். புது வண்டி வந்தால் கட்டுமரத்துப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவதாகப் பாய் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைத் துரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் முதல் ஓட்டமே எண்ணூர்ப் பக்கம்தான் என்று பஷீர் சொன்னான். துரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நாளையிலேர்ந்து நீ நடக்க வேணாம்" என்று வீட்டுக்கு வந்ததும் சீனியம்மாளிடம் சொன்னான். "தொட்டில கூடைய வெச்சிட்டு பக்கத்துல ஜம்முனு குந்திகினு போ."

அவள் சிரித்தாள். பக்கத்துக் குப்பத்துக்குப் போன மாதம் கப்பி ரோடு போட்டு முடித்துவிட்டார்களாமே என்று பேச்சை எடுத்தாள். துரை அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் டயரின் பட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான்.

மறுநாள் நல்ல பாடு. வஞ்சிரமும் வவ்வால் மீனுமாகக் கரையில் குவிந்து கிடந்தது. துரை பேச்சை நம்பிப் பெண்கள் ஒருத்தியும் நடக்கவில்லை, கூடைகளோடு உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. கடைசியில் தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கேட்ட சத்தம் பக்கத்துக் குப்பத்திலேயே நின்றுவிட்டது.

துரை ஓடினான். கப்பி ரோட்டின் முனையில், படத்தில் பார்த்ததைவிட அழகாக வண்டி நின்றது. கமாலுதீன் பாய் தோள்துண்டால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஷீர் துரையைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"பாய், நம்ப கரை இன்னும் அந்தாண்ட கீது" என்றான் துரை மூச்சிரைக்க.

"தெரியும்பா. உப்பு மணல்ல எறக்கினா அடியெல்லாம் துரு ஏறிப்பூடும். பெத்த புள்ள மாதிரி கொண்டாந்துகீறேன், மனசு வரல. இங்க ரோடு கீது, அலுங்காம வந்து நிக்குது."

"மணல்ல ஓடற வண்டிதானே பாய்?"

"ஓடும். ஏன் ஓட்டணும்?"

இனிமேல் லாரி கிடையாது, இந்த வண்டிதான் என்றும், முகத்துவாரக்குப்பத்துக்காரர்களும் கூடையை இங்கேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் பாய் சொன்னார். கோபமில்லாமல் நல்லபடியாகத்தான் சொன்னார். மெயின் ரோட்டைவிட இது இன்னும் தூரம்.

திரும்பி வந்து துரை விஷயத்தைச் சொன்னபோது யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். கடைசியாக சீனியம்மாள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தாள்.

"ஏன்யா, ரோடு போட வந்த அந்த ஓவர்சீருக்கு நம்ப குப்பம் மட்டும் கண்ணுல படலியா? அவங்களுக்குப் போட்ட ரோடை நமக்குப் போட்டிருந்தா இன்னாவாம்?"

துரை கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். அவள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டு குப்பத்தில் ஒன்றுக்குத்தான் ரோடு என்று சொல்லிக்கொண்டு ஓவர்சீர் அளவுச் சங்கிலியோடு முதலில் வந்து நின்றது இந்த மணலில்தான். ஆண்கள் கடலிலும் பெண்கள் மார்க்கெட்டிலும் இருந்த அந்தப் பகலில், கரையில் தனியாக வலை உலர்த்திக்கொண்டிருந்த துரைதான் மடியிலிருந்த படத்தைப் பிரித்துக் காட்டி, "எங்களுக்கு ரோடே வேணாத வண்டி வருது சார், பாவம், அவங்களுக்குப் போட்டுடுங்க" என்று பக்கத்துக் குப்பத்துக்கு வழிகாட்டி அனுப்பினான்.